நாலே முக்கால் அடிக்கு ஓர் அடைமொழி

இங்கிலாந்தின் ஷ்ராப்ஷையரில் எங்கள் ஊர் வாரப் பத்திரிகையில் இருபத்தாறு வருடங்களாக எழுதுகிறேன். ஆங்கிலம் என் தாய்மொழி. அடுத்தவர் எழுத்தில் பிழை கண்டுபிடிப்பதில் எனக்குத் தனி ஆனந்தம். அப்பேர்ப்பட்ட நான்தான் ஹெஸ்டர் டிரான்டரைச் சிலையாக்கினேன்.

ஹெஸ்டர், பள்ளிக்கூட வாசலில் 'நில்' பலகையைப் பிடித்துப் பிள்ளைகளைச் சாலை கடக்க வைப்பவர். முப்பத்தொரு வருட வேலை. உயரம் நாலே முக்கால் அடி. அவர் ஓய்வு பெறும் வாரம் அவரைப் பற்றி முழுப் பக்கம் எழுதினேன். 'ஸ்டேட்லி' என்ற சொல்தான் முதலில் வந்தது. நிதானமும் மிடுக்கும் உள்ளவர் என்று பொருள். ஆனால் பழைய மாளிகைகளுக்கெல்லாம் போட்டுப் போட்டுத் தேய்ந்துபோன சொல். அதே பொருளில் கொஞ்சம் பெரிய சொல்லாக இருக்கட்டுமே என்று 'ஸ்டாச்சுவெஸ்க்' என்று போட்டேன். அகராதி பார்க்கவில்லை. நானாவது, பார்ப்பதாவது!

பத்திரிகை வந்த காலையில் இறைச்சிக்கடை ரெக் என்னைக் கண்டதும் கத்தியைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தார்.

"ஏம்ப்பா, நம்ம ஹெஸ்டர் எப்போ வளந்தாங்க? சிலையாட்டம் ஓங்குதாங்கா, வடிவா இருக்கற பொம்பளைக்கில்ல அந்த வார்த்தை!"

வீட்டுக்குப் போய் அகராதியைப் புரட்டினேன். ரெக் சொன்னதுதான் அதிலும் அச்சாகியிருந்தது. மன்னிப்புக் கேட்கப் பள்ளி வாசலுக்கு ஓடினேன். ஹெஸ்டருக்கு அன்று கடைசி நாள். பிள்ளைகள் வரப் பத்து நிமிடம் இருந்தது.

"சிலைன்னா அசையாம நிக்கும். நான் நடந்துக்கிட்டுல்ல இருக்கேன்," என்றார். "ஆறடி ரெண்டங்குலம் இருக்கறது நீதான். இந்தா, பலகையைப் பிடி."

பலகையோடு சாலையில் இறங்கினேன். ஒரு பால் வண்டி ஹாரன் அடித்தபடி என்னைச் சுற்றிக்கொண்டு போனது. "ஓரமாப் போய் நில்லுய்யா!" என்றது உள்ளிருந்து ஒரு குரல். ஐம்பத்தெட்டு வயதில் வேலிப் புதருக்குள் பாய்ந்தேன்.

ஹெஸ்டர் பலகையை வாங்கினார். அவசரப்படவில்லை, பலகையை உயர்த்தக்கூட இல்லை. நடந்தார். ஜல்லி லாரி ஒன்று பத்தடி தள்ளியே நின்றது. ஓட்டுநர் தொப்பியைக் கழற்றினார்.

"இதுதான் ஸ்டேட்லி," என்றேன், தலையில் ஒட்டிய இலையைத் தட்டிக்கொண்டே. "அதைத்தான் எழுத நெனச்சேன்."

"அப்ப அதையே எழுதியிருக்கலாமே கண்ணு. எழுத்தும் கம்மி."

முழுப் பக்கத்தில் செய்த தப்பைத் திருத்தப் பத்திரிகை ஆசிரியர் எனக்கு மூன்று வரி கொடுத்தார். ஹெஸ்டரோ தப்பான பக்கத்தைத்தான் சட்டம் போட்டுத் தன் வீட்டுக் கூடத்தில் மாட்டியிருக்கிறார்.

"என்னை யாருமே உயரம்னு சொன்னதில்லப்பா," என்கிறார்.