நொண்டி பார்க்க விரும்பிய பேராசிரியை

என் தாய்மாமன் மருத்துவப் பட்டம் பெற்றுக் காஞ்சிபுரத்துக்குத் திரும்பிய ஆண்டில், எங்கள் நெசவாளர் தெருவில் ஒருவருக்கேனும் உடம்பு நலமாக இருந்ததாக நினைவில்லை. முதுகுவலியைத் தறிக்குழியிலேயே மறந்துவிட்டு எழுந்து பழகியவர்கள்கூட, புதிய மருத்துவரிடம் காட்டுவதற்கென்று ஏதேனும் ஒரு நோவைத் தேடி எடுத்துக்கொண்டு வந்தார்கள். மாமா கைக்கடிகாரத்தைப் பார்த்தவாறே எல்லாருக்கும் நாடி பிடிப்பார். அவர் சொல்வதே தீர்ப்பு. வீட்டில் அதற்கு மேல்முறையீடு கிடையாது.

அவ்வாண்டு வைகாசிக் கருடசேவையைக் காண, தமக்குக் கற்பித்த பேராசிரியையை அவர் சென்னையிலிருந்து அழைத்து வந்திருந்தார். நரைத்த தலையும் நூல் சேலையுமாக வந்திறங்கிய அந்த அம்மையார்முன், தெருவையே அதட்டும் மாமா தம் கைகளை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியாமல் நின்றது எனக்குப் பெரும் வேடிக்கையாக இருந்தது. உட்காரச் சொன்ன பிறகும் நாற்காலியின் விளிம்பில்தான் உட்கார்ந்தார்.

சேவை முடிந்த மறுநாள் காலை எனக்கு வயிற்றுவலி. அப்போது ஏழு வயது. அம்மாவுக்குக் காரணத்தைத் தேட வேண்டியிருக்கவில்லை.

"நேத்து பூரா முறுக்கு தின்னுக்கினே இருந்தா, வலிக்காம இன்னா பண்ணும்?"

விளக்கெண்ணெய் கிண்ணத்தில் இறங்கியது. மாமா என் வயிற்றை ஒருமுறை தட்டிப் பார்த்து, செரியாமைதான், குடிக்கட்டும் என்று தீர்ப்பளித்தார். நான் எதிர்வீட்டை நோக்கி நழுவினேன்.

தெருவில் அன்று பாவு போட்டிருந்தார்கள். தறியில் ஏற்றுவதற்கு முன் பட்டிழைகளைத் தெருநீளத்துக்கும் இழுத்துக் கட்டி, இடுப்பளவு உயரத்தில் நிறுத்திச் சீர்செய்வது எங்கள் வழக்கம். மறுபுறம் போக வேண்டுமானால் அதனடியில் குனிந்துதான் போக வேண்டும்; ஆகவே காலை வேளையில் எங்கள் தெருவில் குனிந்து நடப்பவரை ஏன் என்று எவரும் கேட்பதில்லை. நான் குனிந்தே போனேன். பின்தொடர்ந்த அம்மா குனிந்தே என்னைப் பிடித்து, குனிந்தே இழுத்து வந்தாள். பாவைக் கடந்ததும் அவள் நிமிர்ந்தாள், நான் நிமிரவில்லை. எங்கள் குனிவுக்குப் பழகாத ஒருவர், காபித் தம்ளரும் கையுமாக வாசலில் நின்றவர், அதைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

கிண்ணம் என் உதட்டைத் தொடவிருந்த கணத்தில் பேராசிரியை தம்ளரைக் கீழே வைத்தார்.

"அது கொஞ்சம் இருக்கட்டும்மா. நொண்டி ஆடிப் பாத்து எத்தினி வருசமாச்சு. தம்பி, எனக்கு ஒத்தக்கால்ல ஆடிக் காட்டுவியா?"

விளக்கெண்ணெயிலிருந்து விடுவிப்பவருக்காக நான் தலைகீழாகவும் நடந்திருப்பேன். அவர் என் கையைப் பற்றிக்கொள்ள, வலக்காலில் ஒருமுறை எழும்பி இறங்கினேன். அடிவயிற்றின் வலப்புறம் யாரோ கிழித்தாற்போல் வலித்தது. அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன்.

"எண்ணெய்க்குப் பயந்து ஆக்ட் குடுக்குது" என்றாள் அம்மா.

பேராசிரியை அதை மறுக்கவில்லை. மாமாவின் பக்கம் திரும்பினார்.

"என் கை ஜில்லுன்னு இருக்குதுப்பா, புள்ள பயந்துக்கும். நீயே இன்னொரு வாட்டி தொட்டுப் பாரேன். மெதுவா பாரு."

மாமா இம்முறை கடிகாரத்தைப் பார்க்கவில்லை. அவர் விரல்கள் ஓரிடத்தில் அழுத்தி நின்றன; சட்டென எடுத்தபோது எனக்கு உயிர் போயிற்று. அவர் முகம் வெளிறியது. குடல்வால் வீங்கியிருக்கிறது, எண்ணெய் உள்ளே போயிருந்தால் வெடித்திருக்கும் என்று அவர் சொன்னபோது அம்மாவின் கையிலிருந்த கிண்ணம் நழுவியது. நண்பகலுக்குள் மருத்துவமனையில் அறுவை முடிந்துவிட்டது.

தொட்ட மாத்திரத்தில் கண்டுபிடித்த மருத்துவர் என்று மாமாவின் புகழ் பிள்ளையார்பாளையம் வரை பரவிற்று. என்னைப் பார்க்க வந்தவர்களிடம் மாமா "இல்ல, இந்த அம்மாதான்..." என்று தொடங்கும்போதெல்லாம், அருகிலிருந்த பேராசிரியை அவரைக் காபி வாங்கிவர அனுப்பினார். நானும் மாமாவின் கட்சியே. அந்த அம்மையார் என்ன செய்தார்? வலியோடிருந்த பிள்ளையை நொண்டவிட்டார்; வயிற்றைத் தொட்டுக்கூடப் பார்க்கவில்லை. எண்ணெயைத் தடுத்ததற்காக மட்டும் அவருக்கு நன்றி பாராட்டினேன்.

மாமா மறைந்து பல்லாண்டுகள் ஆகின்றன. சென்ற கோடையில் என் பேத்திக்கு வயிற்றுவலி வந்தபோது, மாமாவிடம் பயின்ற மருத்துவர் ஒருவரிடம் அழைத்துச் சென்றேன். அவர் என் கைகளைப் பற்றி வரவேற்றார். அவருடைய பயிற்சி மருத்துவரான இளம்பெண், வாயுத் தொல்லை என்று அதற்குள் முடிவு செய்திருந்தாள். பெரியவர் பேத்தியை ஒற்றைக்காலில் குதிக்கச் சொன்னார்; அவள் முகம் சுளித்ததைக் கண்டார்; பிறகு விலகி நின்றார்.

"என் கை ஜில்லுன்னு இருக்குதும்மா. நீயே இன்னொரு வாட்டி பாரு."

இளம்பெண் பார்த்தாள், குடல்வால் என்று கண்டுகொண்டாள். பேத்தி இன்று நலம். நான்தான் அன்று சற்று நேரம் என் உள்ளங்கைகளைப் பார்த்தபடி அமர்ந்திருந்தேன். அவருடைய கையின் சூடு இன்னும் அவற்றில் இருந்தது.

வைகாசி வெயிலில் ஒருவர் கை எப்படிக் குளிரும் என்று ஏழு வயதில் நான் கேட்கவில்லை. நொண்டும்போது என்னைத் தாங்கிய கை, காபித் தம்ளரை அப்போதுதான் கீழே வைத்த கை, வெதுவெதுப்பாகவே இருந்தது. அதை அங்கே அறிந்திருந்தவன் நான் ஒருவன்தான். இவ்வளவு படித்தவருக்குத் தம் கையின் சூடுகூடத் தெரியவில்லையே என்று, பாவம், அவருக்காக அப்போது இரங்கினேன்.