ஓடினால் யாரும் எழுதமாட்டார்கள்

மெஷின் ஓடியதும் பழுது பார்க்கிறவன் வேலை முடிந்துவிடும். பழுது பார்க்கிறவர்களுக்காக இணையத்தில் குழு நடத்துகிறவன் தவிப்பு அதற்குப் பிறகுதான் ஆரம்பிக்கும். மடற்குழு, விவாதக் களம் என்று எதையாவது நடத்தி, கால் மணிக்கொரு தரம் திறந்து பார்த்து ஏமாந்திருக்கும் நண்பர்களே, இது உங்களுக்குத்தான்.

தெருவுக்கு இரண்டு பிரவுசிங் சென்டர் இருந்த காலம். ஸ்ரீபெரும்புதூரில் ஒரு பயிற்சி மையத்தில் எனக்கு வேலை. சுற்றுவட்டாரத் தொழிற்சாலைகளின் மெயின்டனன்ஸ் ஆட்கள் தங்கள் மெஷின் கோளாறை எங்கள் மையத்தின் இணையக் குழுவில் எழுதுவார்கள். அதே கோளாறோடு மல்லுக்கட்டிய வேறு கம்பெனிக்காரர் வழி சொல்வார். தளத்தைக் கவனிப்பது, ஆள் சேர்ப்பது, கடவுச்சொல்லை மறந்தவருக்கு மறுபடி கொடுப்பது எல்லாம் நான். மேலாளர் எட்வின் சார் ஆறு மாதம் கெடு வைத்திருந்தார். 'இந்தக் குழுவால் இன்ன மெஷின் ஓடியது' என்று உறுப்பினர்களே சொன்னதாக ஒரு தாள் அவர் மேஜைக்கு வர வேண்டும். வராவிட்டால் குழுவை மூடிவிடுவார். நான் பழையபடி பட்டறையில் அரம் பிடிக்கச் சொல்லிக்கொடுக்கப் போக வேண்டியதுதான்.

பி ஷிப்ட் என்றொரு மனிதர்

என் முதல்தர உறுப்பினரின் பெயர் 'பி ஷிப்ட்'. பேரிங் மாற்றுவது பற்றிக் காலையில் ஒரு பக்கம் பொறுமையாக எழுதுவார். மாலையில் அதே பெயரில் வந்து, அது சுத்தத் தப்பு என்று தன்னையே திட்டுவார். மறுநாள் இருவருக்கும் சமாதானம் சொல்வார்.

குழம்பிப்போய், அவர் சேரும்போது கொடுத்திருந்த கம்பெனி எண்ணுக்கு போன் செய்தேன். என் குரல் எப்போதுமே கிணற்றுக்குள்ளிருந்து வருவதுபோல் இருக்கும். மூன்று முறை சொன்ன பிறகுதான் எதிர்முனைக்குக் கேட்டது. ஒன்பது பேர் ஒரே கணக்கில் நுழைகிறார்களாம். தாளில் போட எனக்கு ஆளுக்கொரு பெயர் வேண்டும் என்று கெஞ்சினேன். வந்த பதில்: "லாக் புக்ல நாங்க பேரா எழுதுறோம்? ஷிப்டுதான சார் எழுதுறோம்."

பாண்டியின் பிரஸ்

பாண்டி கோவில்பட்டிப் பக்கத்துக்காரர். மண்ணூரில் ஐந்து பேரோடு ஒரே அறையில் தங்கி, இரும்புத் தகடு அழுத்தும் ஒரு பிரஸ் ஷாப்பில் கான்ட்ராக்ட் ஃபிட்டராக இருந்தார். காலையில் நன்றாக ஏறுகிற ஆயில் பிரஷர், மெஷின் சூடானதும் இறங்கிவிடுகிறது என்று எழுதியிருந்தார். அன்றைக்கே நான்கு பதில்கள். ஆயில் சீல் மாற்று என்றார் ஒருவர். ஆயில் நீர்த்துப்போச்சு என்றார் இன்னொருவர். மற்ற இருவர் வேறு எதையோ கைகாட்டினார்கள். அதோடு பாண்டி ஆளையே காணோம்.

எங்கள் வீட்டில் தாத்தா கதை சொன்னால் கேட்கிறவர் 'ம்' கொட்டியாக வேண்டும். 'ம்' நின்றால் கதையும் நின்றுவிடும். அப்படி வளர்ந்தவனுக்கு இந்த மௌனம் எப்படி இருக்கும்? எந்தப் பதில் பலித்தது என்று மூன்று முறை எழுதிக் கேட்டேன். நான்காம் நாள் பொறுக்காமல் பஸ் ஏறி மண்ணூர் போனேன். டீக்கடையில் வடையைப் பிட்டுக்கொண்டிருந்தவர் என்னைப் பார்த்து நிஜமாகவே ஆச்சரியப்பட்டார். "அது அன்னைக்கே ஓடிட்டுல்லா தம்பி. ஓடுத மெஷினுக்கு எதுக்கு லெட்டர் போடச் சொல்லுதிய?"

யோசித்துப் பார்த்தால் அவர் மேல் தப்பில்லை. மெயின்டனன்ஸ் அறையில் போன் அடிப்பதே லைன் நின்றால்தான். 'நல்லா ஓடுதுப்பா' என்று அங்கே எவனும் கூப்பிட்டதில்லை.

அமுக்கிவிட்ட அண்ணன்

எழுதத்தானே சோம்பல் என்று, ஒவ்வொரு கேள்விக்கும் கீழே 'ஓடியது' என்று ஒரு பொத்தான் வைத்தேன். இரண்டு வாரம் ஒருத்தரும் தொடவில்லை. திடீரென்று ஒரு புதன்கிழமை எல்லாக் கேள்விகளிலும் 'ஓடியது'. எனக்கு வந்த சந்தோஷத்தில் எட்வின் சாருக்கான தாளை எடுத்துத் தலைப்பே எழுதிவிட்டேன். பிறகு பார்த்தால் பதிலே வராத கேள்விகளும் ஓடியிருந்தன. குழுவில் சேருவது எப்படி என்று ஒருவர் கேட்டிருந்தார், அதுவும் ஓடியிருந்தது.

இந்த வேலையைச் செய்தவர் பிள்ளைப்பாக்கம் குமார் அண்ணன். கம்ப்ரசர் ரூமில் இருப்பவர், தங்கமான மனுஷர். ஏன் அண்ணே இப்படி என்றேன். "ஒரு ஆளு கூட அமுக்கலன்னு மொகத்த தொங்கப் போட்டுகினு கீறியே தம்பி, அதான் எல்லாத்தையும் அமுக்கி வுட்டேன்." பொத்தானை எடுத்துவிட்டேன்.

தாள் நிரம்பிய கதை

கெடு நாள் வந்தது. பதினொரு மணிக்கு எட்வின் சார் வருவார். தாளில் தலைப்பு மட்டும் இருந்தது. எனக்கோ கை சும்மா இருக்காது. தளத்தின் முகப்பையாவது கொஞ்சம் அழகாக்குவோம் என்று எதையோ மாற்றினேன். அடுத்த நிமிடம் தளம் யாரையும் உள்ளே விடவில்லை, என்னையும் சேர்த்து.

எட்வின் சார் உள்ளே நுழையும்போது போன் அடித்தது. அவரே எடுத்தார். ஒரு வால்வு செட்டிங் குழுவில்தான் இருக்கிறது, பார்க்க முடியவில்லை, லைன் நிற்கிறது என்றது ஒரு குரல். வைத்ததும் அடுத்தது. வெல்டிங் மெஷினுக்குக் குழுவில் சொன்ன வழியைத்தான் மூன்று மாதமாகச் செய்வதாக பி ஷிப்டில் ஒருவர் சொன்னார். அதற்கடுத்து பாண்டி. சார் என் வெறுந்தாளை இழுத்து, கம்பெனி, மெஷின், கோளாறு என்று எழுத ஆரம்பித்தார். நான் வியர்த்துக்கொண்டு மாற்றியதை ஒவ்வொன்றாகத் திருப்பிக்கொண்டிருந்தேன். சாப்பாட்டு நேரத்துக்குள் தாளின் மறுபக்கமும் நிரம்பிவிட்டது.

சார் அதை மடித்துச் சட்டைப்பையில் வைத்தார். "குழு இருக்கட்டும். சீக்கிரம் சரி பண்ணு. ஓட ஆரம்பிச்சா என்கிட்ட சொல்ல வேணாம். நின்னா மட்டும் சொல்லு."

மூன்று மணிக்குத் தளம் ஓடியது. அன்றிலிருந்து போன் அடித்தால் பயமாகவும், அடிக்காவிட்டால் இன்னும் கொஞ்சம் பயமாகவும் இருக்கிறது.