ஆமையை எடுத்த இடம்

எட்டாம் வகுப்பைப் பாதியில் விட்டபோது யாரும் பெரிதாகத் தடுக்கவில்லை. அதற்குப் பிறகு செங்கல் சூளை, லாரி, புரோட்டா கடை, கல்குவாரி, பெயிண்ட் வேலை என்று பல இடங்களில் இருந்திருக்கிறேன். எங்கேயும் இரண்டு வருஷம் தாண்டியதில்லை. யாரும் துரத்தவில்லை. கால் நிற்காது, அவ்வளவுதான். அந்த வரிசையில் ஒரு மழைக்காலம் மருங்காபுரிப் பக்கம் ஆமை பொறுக்கினேன்.

அப்போது குவாரியை மழைக்காக மூடியிருந்தார்கள். கூட வேலை பார்த்தவர் ஒருவர் வழி சொல்லிக் கொடுத்தார். மழை விட்ட காலையில் கரட்டுச் சரிவில் நடந்தால், புல் மேய்வதற்காக ஆமைகள் வெளியே வரும். கறுத்த முதுகில் மஞ்சள் கோடுகள் நட்சத்திரம் நட்சத்திரமாக இருக்கும். கையில் எடுத்தால் தலையை உள்ளே இழுத்துக்கொண்டு புஸ்ஸென்று மூச்சு விடும், சைக்கிள் ட்யூபில் வால்வைப் பிடுங்கின மாதிரி. ஓடாது, கடிக்காது, கத்தாது. பையில் போட்டுத் திருச்சிக்குக் கொண்டுவந்தால் பஸ் ஸ்டாண்டு ஓரத்தில் ஒருவர் வாங்கிக்கொள்வார். எங்கே அனுப்புகிறார் என்று நான் கேட்டதில்லை. அது சட்டப்படி தப்பு என்று தெரியும். பசியும் இருந்தது.

ஒரு தடவை அவர் உள்ளங்கை அளவே இருந்த ஒன்றை, "இது பொடிசு, தாங்காது" என்று திருப்பிக் கொடுத்துவிட்டார். அதைப் பையில் வைத்துக்கொண்டே ஸ்ரீரங்கத்துக்குப் போனேன். உத்திர வீதியில் ஒரு வீட்டில் மார்கழிக்கு முன்னால் வெள்ளையடிக்க ஆள் தேடுகிறார்கள் என்று கேள்விப்பட்டிருந்தேன். வீட்டு மாமியிடம் பேசிக்கொண்டிருக்கும்போதே பை அசைந்தது. அவர்களுடைய மகள், ஏழு வயசு, உள்ளே கையை விட்டு எடுத்துவிட்டாள்.

"எங்கேர்ந்து அண்ணா?"

"கொள்ளிடக் கரையில கெடந்துச்சு பாப்பா" என்றேன். வாயில் வந்தது அதுதான்.

எங்கள் பக்கம் ஆமை வீட்டுக்குள் வந்தால் குடும்பம் விளங்காது என்று தூக்கி எறிவார்கள். மாமி இரண்டு கையையும் கூப்பினார். "கூர்மாவதாரம்! தானே தேடிண்டு எழுந்தருளியிருக்கார், பாரேன்!" அன்று மாலையே அதைப் பித்தளை அண்டாவில் தண்ணீர் விட்டு உள்ளே போட்டார். ஆமை என்றால் தண்ணீரில்தானே இருக்கும். அது கழுத்தை மேலே நீட்டிக்கொண்டு சுவரைப் பிறாண்டியது. அது தரையில் வாழ்கிற ஆமை, நீந்தத் தெரியாது என்று எனக்குத் தெரியும். கொள்ளிடத்தில் கிடைத்தது என்று சொன்ன வாயால் எப்படிச் சொல்வது? மாமி நகர்ந்ததும் உள்ளே இரண்டு செங்கல்லைப் போட்டேன். மறுநாள் அந்தப் பெண்ணே, "அம்மா, அதுக்கு மூச்சு முட்டறது" என்று அழுது அதைக் கொல்லைப்புறத்துக்கு மாற்றினாள்.

அதற்குப் பிறகு பன்னிரண்டு வருஷம் அது அங்கேயே இருந்தது. மாமி அதை "அது" என்று சொன்னதே இல்லை. காலையில் துளசி, மத்தியானம் தயிர்சாதம். "அவர் சாப்பிட்டாச்சா?" என்று கேட்டுவிட்டுத்தான் மாமி இலையில் உட்காருவார். நான் வருஷத்துக்கு ஒரு தடவை, சில சமயம் மூன்று வருஷத்துக்கு ஒரு தடவை அந்த வீட்டுக்குப் போவேன். வெள்ளையடிப்பு, தொட்டி கழுவுவது, ஒட்டடை. ஒருமுறை மீதமிருந்த எனாமல் பெயிண்டைப் பார்த்துவிட்டு மாமி, "ஏம்பா, அவர் முதுகுல ஒரு திருநாமம் சாத்திடேன், திருமண் நிக்க மாட்டேங்கறது" என்றார். வெள்ளையும் சிவப்புமாக நன்றாகவே போட்டேன். அடுத்த தடவை மங்கியிருந்ததைப் புதுப்பித்தும் கொடுத்தேன்.

போன வருஷம் போனபோது கொல்லைப்புறத்தில் இரண்டு பெண்கள் ஆமைக்குப் பக்கத்தில் குந்தியிருந்தார்கள். ஒருத்தி வீட்டுப் பெண். விலங்கியல் இரண்டாம் வருஷம் படிக்கிறாள். இன்னொருத்தி அவளுடைய வகுப்புத் தோழி, நாகப்பட்டினத்துக்காரி. அப்பா மீன்பிடிக்கிறவராம். மாசி, பங்குனியில் லீவு கிடைத்தால் ஊருக்குப் போய், கடல் ஆமை முட்டையை நாய் தோண்டாமல் காவல் காக்கிற கூட்டத்தோடு கரையில் நடப்பாளாம்.

"எங்க ஊர்ல கடலாமைன்னா கலெக்டர்லேர்ந்து வந்து குஞ்சு விட்டு போட்டோ எடுத்துப்பாங்க" என்றாள் அவள். "பாவம், இது தரை ஆமை. இதுக்குத் தயிர்சாதம்தான்."

"கிண்டல் பண்ணாதேடி" என்றாள் வீட்டுப் பெண். பிறகு என்னைப் பார்த்து, "அண்ணா, நல்ல வேளை வந்தீங்க. இவரை அனுப்பப் போறோம்" என்றாள்.

விஷயம் இதுதான். வீட்டில் இந்த ஆமையை வைத்திருப்பதே குற்றம் என்று அவளுக்குத் தெரிந்து ஒரு வருஷம் ஆகியிருந்தது. ஆனால் அவள் சட்டத்துக்குப் பயந்து பேசவில்லை. ஆமையைத் திருப்பி முதுகைக் காட்டினாள். நட்சத்திரம் ஒவ்வொன்றும் கூம்பு கூம்பாகப் புடைத்திருந்தது. "தயிர்சாதத்தாலதான் இப்படி. இது காய்ஞ்ச புல்லு திங்கற ஜாதி. இன்னும் முப்பது நாப்பது வருஷம்கூட இருக்கும். இந்தக் கொல்லையில தனியா. இன்னொரு ஆமையை இது பார்த்ததே இல்ல அண்ணா. நாம அன்பா இருக்கோம்னு அது ஆமையா இல்லாமப் போகலாமா?"

மாமி சமையலறை வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தார். "பன்னிரண்டு வருஷம் நம்மாத்துல இருந்தவர். நரி தின்னுட்டா?"

"தின்னாத் தின்னட்டும்மா. நரிக்கும் ஏதாவது வேணுமே" என்றாள் பெண்.

"என்ன பேச்சு பேசறா பாரு!" என்று மாமி என்னிடம் முறையிட்டார்.

முதல் வேலை நாமத்தை எடுப்பது. மாமி ஒத்துக்கொள்ளவே இல்லை. திருநாமத்தைச் சுரண்டுவதா என்று கோபம் வந்துவிட்டது. பெண் பொறுமையாகச் சொன்னாள். ஓட்டில் இருக்கிற மஞ்சள் கோடெல்லாம் காய்ந்த புல்லின் நிழலில் மறைந்துகொள்வதற்கு. வெள்ளைப் பெயிண்டோடு விட்டால் கழுகுக்கும் தெரியும், பொறுக்குகிறவனுக்கும் தெரியும். "பொறுக்குகிறவன்" என்றபோது நான் வேறு பக்கம் பார்த்தேன். கடைசியில் மாமி, "சாத்தினது நீதானே, நீயே எடு. நான் பார்க்க மாட்டேன்" என்று சொல்லி உள்ளே போய்விட்டார்.

தின்னர் போடக்கூடாது, ஓட்டுக்குள் இறங்கிவிடும் என்றாள் பெண். தேங்காயெண்ணெய் தடவி, மூங்கில் சீவலால் கொஞ்சம் கொஞ்சமாகச் சுரண்டினேன். அந்த மத்தியானம் முழுக்க ஆயிற்று. இரண்டு பெண்களும் பக்கத்தில் உட்கார்ந்து, வனத்துறை ஆபீசில் கொடுத்தால் என்ன ஆகும் என்று பேசிக்கொண்டிருந்தார்கள். வீட்டுப் பெண் ஆபீசில் முன்னமே விசாரித்திருந்தாள். சில மாதம் தனியாக வைத்து நோய் இருக்கிறதா என்று பார்ப்பார்களாம். பிறகு எந்த இடத்தில் பிடிபட்டது என்று தெரிந்தால் அங்கேயே கொண்டுபோய் விடுவார்கள். தெரியாவிட்டால் கூண்டுதான், சாகும்வரை.

"ஏன், எந்தக் கரட்டுல விட்டா என்ன?" என்று கேட்டேன்.

"ஊருக்கு ஊர் வேற அண்ணா. அந்தந்த மண்ணுக்கும் அந்தந்த நோய்க்கும் பழகினது. தப்பான இடத்துல விட்டா இதுவும் போகும், அங்க இருக்கறதும் போகும்."

நாகப்பட்டினத்துப் பெண் என் கையில் இருந்த ஆமையையே பார்த்துக்கொண்டிருந்தாள். "அண்ணே, கொள்ளிடத்துல கெடந்துச்சுன்னு சொன்னீங்களாமே. கரட்டு ஆமை அங்க எப்படி வந்துச்சு? நடந்தா? இல்ல, டிக்கெட் எடுத்து பஸ்ஸுலயா?"

அவள் சிரித்துக்கொண்டுதான் கேட்டாள். வீட்டுப் பெண் சிரிக்கவில்லை. அவளுக்கு முன்னமே தெரிந்திருக்க வேண்டும். ஒரு வருஷமாக நான் வருவதற்காகக் காத்திருந்தாள் என்று அப்போது புரிந்தது.

திருப்பூரில் ஒரு வேலை இருந்தது. அடுத்த நாள் போவதாகச் சொல்லியும் வைத்திருந்தேன். இந்த மாதிரி சமயத்தில் நான் செய்வது அதுதான், பஸ் ஏறிவிடுவது. சீவலைக் கீழே வைத்தேன். முதுகில் சிவப்புக் கோடு போய்விட்டது, வெள்ளை கொஞ்சம் பாக்கி.

"மருங்காபுரி" என்றேன். "நாந்தான் எடுத்தேன். விக்கறதுக்கு. இது மட்டும் இல்ல."

உள்ளே மாமி குக்கரை இறக்கும் சத்தம் கேட்டது. பெண் என்னைத் திட்டுவாள் என்று எதிர்பார்த்தேன். அவள் முகம் சிவந்திருந்தது. ஆனால் கேட்டது வேறு.

"மருங்காபுரியில எங்க?"

மறுநாள் வனத்துறை ஆபீசுக்கு நாங்கள் மூன்று பேரும் போனோம். மாமி வாசல்வரை வந்து, அட்டைப்பெட்டியில் துளசிக் கொத்தை வைத்துவிட்டு, "ஜாக்கிரதையா எழுந்தருளப் பண்ணுங்கோ, பஸ்ஸுல குலுக்காம" என்றார். பெட்டியை நான் மடியில் வைத்துக்கொண்டேன். ஆபீசில் ரேஞ்சர் நான் சொன்னதை எழுதிக் கையெழுத்து வாங்கினார். என் பெயரை எழுதினேன். "எத்தனை எடுத்தே?" என்றார். தெரியவில்லை என்றேன். ஞாபகம் உள்ளதை எழுதச் சொன்னார். "பழசு. கேஸ் போடறதா என்னன்னு மேல கேக்கணும். கூப்பிட்டா வரணும், திருச்சியை விட்டுப் போகக்கூடாது" என்றார்.

அது எனக்குக் கஷ்டமான தண்டனைதான். ஐந்து மாதம் ஊரை விட்டு எங்கும் போகவில்லை. துறையூர் ரோட்டில் ஒரு டீக்கடையில் கிளாஸ் கழுவினேன், கடையிலேயே படுத்துக்கொண்டேன். இடையில் பெண் போன் பண்ணுவாள். ஆமை புல்லைத் தொடவில்லை என்பாள். பிறகு, கொஞ்சம் தொட்டிருக்கிறது. பிறகு, தயிர்சாதம் இல்லாமலே எடை கூடியிருக்கிறது. மாமி ஒவ்வொரு தடவையும் பின்னாலிருந்து, "பல் இல்லையே அவருக்கு, எப்படி மெல்லறார்னு கேளு" என்பது போனில் கேட்கும்.

மழை தொடங்கி இரண்டாவது வாரம் ரேஞ்சர் கூப்பிட்டார். ஜீப்பில் அவரும் ஒரு ஃபாரஸ்ட் கார்டும், பின்னால் இரண்டு பெண்களும் நானும். மாமி வரவில்லை. மருங்காபுரி தாண்டி மண்ரோட்டில் இறங்கினோம். இடம் மாறியிருந்தது. நான் ஏறி இறங்கிய சரிவில் பாதிக்குத் தைலமரம் நட்டிருந்தார்கள். வரிசை வரிசையாக நன்றாக வளர்ந்திருந்தது.

"எவ்ளோ பச்சையா இருக்கு!" என்றார் கார்டு.

"கீழ பாருங்க சார், ஒரு புல்லு இல்ல" என்றாள் வீட்டுப் பெண். "ஜனங்க மரம் நட்டா நல்லதுன்னு நட்டுட்டுப் போயிடறாங்க. முள்ளுக்காட்டைப் பார்த்தா தரிசுன்னு சொல்லிடறாங்க. இதுக்கு வீடு அந்தத் தரிசுதான்."

"எங்க அப்பாவும் அப்படித்தான். கடல்னா அவருக்குத் தண்ணி மட்டுந்தான். கரை மணலும் கடல்தாம்ப்பான்னு சொன்னா சிரிப்பாரு" என்றாள் மற்றவள்.

தைலமரத்துக்கு அந்தப் பக்கம் சரிவு பழைய மாதிரியே இருந்தது. சூராமுள், ஆவாரை, பாறைக்கு நடுவே மழைக்கு முளைத்த புல். ரேஞ்சர் என்னைப் பார்த்தார். "இதுதானா?"

பன்னிரண்டு வருஷத்துக்கு முன்னால் குனிந்த இடம் யாருக்குத் துல்லியமாகத் தெரியும்? அப்போது நான் தரையைத் தவிர எதையும் பார்க்கவில்லை. "இந்தச் சரிவுதான். இதே பாறைன்னு சத்தியம் பண்ண முடியாது" என்றேன். பெண் தன் நோட்டில் அதை அப்படியே எழுதினாள். "போதும் அண்ணா. சரிவு தெரிஞ்சா போதும்."

ஆமையைப் புல்லில் வைத்தார்கள். ரொம்ப நேரம் அது வெளியே வரவில்லை. நாங்கள் தள்ளிப்போய் நின்றோம். தலை வந்தது, ஒரு முன்கால் வந்தது. எங்களைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் ஒரு சூராமுள் புதருக்குள் நுழைந்தது. கொஞ்ச நேரத்தில் முதுகு எது, காய்ந்த இலை எது என்று எனக்குத் தெரியவில்லை. ஒரு காலத்தில் இதைக் கண்டுபிடிப்பதில் நான் கெட்டிக்காரன்.

பெண் போனில் அம்மாவைக் கூப்பிட்டு, "போயாச்சும்மா. ஆமா. திரும்பிப் பார்க்கல. இல்லம்மா, அது நல்லதுதான்" என்றாள். மாமி அந்தப் பக்கம் என்ன சொன்னாரோ, இவள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

அவள் போனை வைத்ததும், நானும் ஏதாவது சொல்ல வேண்டும் என்று தோன்றியது. "பாப்பா, அன்னிக்கு நான் பண்ணினது..." என்று ஆரம்பித்தேன்.

"அண்ணா, வருத்தப்படறதை அப்புறமா வெச்சுக்கலாம்" என்றாள். கோபமாகச் சொல்லவில்லை, அவசரமாகச் சொன்னாள். "வேற எங்கெல்லாம் எடுத்தீங்க? இன்னும் எங்க இருக்கும்னு பார்க்கணும். தைலமரம் அந்தப் பக்கமும் வர்றதுக்குள்ள சார் எழுதி அனுப்பணும்."

நாகப்பட்டினத்துப் பெண் போனில் வரைபடத்தைத் திறந்து வைத்துக்கொண்டாள். ரேஞ்சர் வாட்சைப் பார்த்தார், ஆனால் ஜீப்பில் ஏறவில்லை.

"ஓடைக்கு அந்தப் பக்கம் ஒரு மேடு" என்றேன். "அங்க மூணு எடுத்தேன். வாங்க, முள்ளு குத்தும், பார்த்து வாங்க." நான் முன்னால் நடந்தேன்.