கொக்கின் காலில் இருந்த நூல்

செஞ்சிக் கோட்டை அடிவாரக் குளத்தில் ஒரு வெள்ளைக் கொக்கைப் படம் எடுத்தேன். வீட்டில் கம்ப்யூட்டரில் திருத்தும்போது தண்ணீரின் பச்சையைக் கூட்டி, இறகின் வெண்மை எடுப்பாகத் தெரியும்படி கான்ட்ராஸ்டை ஏற்றினேன். காலில் நைலான் நூல் சுற்றியிருந்தது. படத்தைக் கெடுக்கிறதே என்று அதையும் அழித்துவிட்டேன்.

மறுநாள் அந்தக் குளத்தில் வலை வீசும் அந்தோணியிடம் படத்தைக் காட்டினேன். செல்போனில் பெரிதாக்கிப் பார்த்தார்.

"நூலக் காணோமே. எடுத்துட்டீங்களா சார்? நானும் ரெண்டு நாளா புடிக்கப் பாக்குறேன், சிக்க மாட்டேங்குது" என்றார். அவர் முகத்தில் அவ்வளவு நிம்மதி.

ஆமாம் என்று சொல்லிவிடலாமா என்றுகூட ஒரு கணம் நினைத்தேன்.

"படத்துலதாங்க எடுத்தேன். கொக்கு காலுல அப்படியேதான் இருக்குது."

அவர் என்னைக் குறை சொல்லவில்லை. "வாங்க, ரெண்டு பேரா போனா புடிச்சிடலாம்" என்று வலையை எடுத்தார்.

கொக்கு கரையோரம் நொண்டிக்கொண்டிருந்தது. நான் ஒரு பக்கம் மறிக்க, அவர் வலையைப் போட்டுப் பிடித்தார். சதைக்குள் இறங்கியிருந்த நூலை நகவெட்டியால் வெட்டினேன். விட்டதும் எதிர்க்கரைக்குப் பறந்தது.

இப்போதும் படங்களுக்கு நிறம் கூட்டுகிறேன். எதையாவது அழிக்கப் போகும்போது மட்டும், அது ஏன் அங்கே இருக்கிறது என்று ஒருமுறை பார்த்துக்கொள்கிறேன்.