வாசலிலிருந்து ஏழாவது

சுட்ட சுண்ணாம்பில் தண்ணீர் ஊற்றியதும் குபுகுபுவென்று கொதித்து எழும் ஆவி, மூக்குக்குள் ஏறி உறைக்கும் அதன் வாடை, இவைதான் எனக்குக் கல்லறைத் திருநாள். இறந்தவர்களுக்காக ஜெபிக்கும் அந்த நவம்பர் நாளுக்கு முந்தின நாளே சாந்தோமில் எங்கள் சந்து முழுக்க அந்த வாடை அடிக்கும்; வீட்டுக்கு வீடு ஒரு தகர டின்னும் தேங்காய் மட்டையும் வாசலுக்கு வந்துவிடும், வெள்ளையடிக்க.

எங்களுக்கென்று இருந்தது ஒரே ஒரு சின்னக் கல்லறை. எனக்கு முன்னால் பிறந்து மூன்றாம் நாளே போய்விட்ட அண்ணன் சூசையுடையது. பள்ளிக்கூட வாத்தியாரான அப்பா அதைச் சுற்றிச் சிமென்ட் கட்டி, பெயரைத் தன் கையாலேயே எழுதியிருந்தார். அப்பா வெள்ளையடிக்க, அம்மா செவ்வந்தியை உதிர்த்துப் போட்டபடி, அவன் எதிரே உட்கார்ந்திருப்பது போலவே பேசிக்கொண்டிருப்பாள். "டேய் சூசை, உன் தங்கச்சி கணக்குல ஃபெயிலு, கேட்டியா?" செத்துப்போனவனிடம் போய் என் மானத்தை வாங்குகிறாளே என்று எனக்குப் பற்றிக்கொண்டு வரும். கிளம்பும்போது மட்டும் குரல் மாறிவிடும். "நான் போனா என்னியும் இவங்கூடவே போட்டுருங்க. மூணு நாளுதான் வெச்சிக்கினு இருந்தேன். சரியா மூஞ்சிகூடப் பாக்கல."

அந்தக் கல்லறைக்கு வருஷம் தவறாமல் வருகிற இன்னொருவர் பக்கத்து வீட்டு பாய். ராயப்பேட்டையில் மெத்தைக் கடை வைத்திருந்தார். எங்கள் குடும்பம் போர்த்துக்கீசியர் காலத்திலிருந்தே இந்தக் கடற்கரையில் இருப்பதாக அப்பா பெருமை அடித்தால், "நாங்க நவாபு கூடவே வந்தவங்க வாத்தியாரே" என்று பாய் சிரிப்பார். வீட்டுக்குள் உருது, எங்களோடு அசல் மெட்ராஸ் தமிழ். சூசை இறந்தபோது அப்பா பரீட்சை வேலையாகத் திருநெல்வேலியில் இருந்தார்; அம்மாவால் எழுந்திருக்க முடியவில்லை. பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு ரிக்‌ஷாவில் போனவர் பாய்தான். கோயில் உபதேசியார் ஜெபம் சொல்ல, குழிக்குள் இறங்கிப் பிள்ளையைக் கிடத்தியவரும் அவர்தான்.

ஒவ்வொரு கல்லறைத் திருநாளன்றும் சாயங்காலம் ஒரு பொட்டலம் ரோஜா இதழோடு வருவார். பாதியைச் சூசைக்குத் தூவுவார். மீதியை, அந்தப் பக்கச் சுவரோரம் வேப்பமரத்தடியில் பெயரும் சிலுவையும் இல்லாமல் கிடந்த ஒரு மண்மேட்டில் தூவிவிட்டுச் சற்று நேரம் நிற்பார். எனக்குப் பதினொரு வயதானபோது, அது யாருடையது என்று கேட்டேன். "அதுவும் ஒரு கொயந்ததானே, கண்ணு" என்றார். அன்றைக்கே, விளையாட்டுப் போல, அப்பாவிடம் போய் அதைச் சொன்னேன். சொல்லாமல் இருந்திருக்கலாம்.

அப்பாவின் முகம் வெளுத்துவிட்டது. நேரே பாய் வீட்டுக்குப் போனார். நான் பின்னாலேயே போய் ஜன்னலோரம் நின்றேன்.

"என் கையால வெச்ச எடம் வாத்தியாரே, வேப்பமரத்தாண்டதான்" என்றார் பாய். "நீங்க வேற எடத்துல சிமென்ட் போட்டு பேரும் எய்திட்டீங்க. அம்மா அதும்மேல கைய வெச்சிக்கினு அழுவறாங்க. நானு இன்னான்னு சொல்றது? வாய் வர்ல."

நடந்தது இவ்வளவுதான். உபதேசியார் அப்பாவிடம், "வாசல்லேர்ந்து சுவரோரமா ஏழாவது" என்று அடையாளம் சொல்லியிருக்கிறார். நாற்பது நாள் தீட்டுக் கழிந்தபின் சேர்ந்து போகலாம் என்று அம்மா சொல்லிவிட்டாள். அந்த நாற்பது நாளுக்குள் ரோட்டை அகலப்படுத்துகிறோம் என்று கல்லறைத் தோட்டத்தின் பழைய வாசலை அடைத்து, எதிர்ச் சுவரில் புது வாசல் வைத்துவிட்டார்கள். அப்பா புது வாசலிலிருந்து எண்ணினார்.

"பெத்தவளுக்குத் தெரிய வேணாம் பாய்" என்று அப்பா கும்பிட்டார். அவர் யாரையும் கும்பிட்டு நான் பார்த்ததில்லை. வெளியே வந்தவர் என்னைக் கண்டதும், "வாயைத் தொறந்த, கொன்னுடுவேன்" என்றார். சொல்லிவிட்டு என் தோளைப் பிடித்துக்கொண்டு அழுதார்.

இப்போது ஞாயிற்றுக்கிழமைகளில் தொப்பியும் தண்ணீர் பாட்டிலுமாக ஒரு கூட்டம் எங்கள் பகுதியைச் சுற்றிப் பார்க்க வருகிறது. போர்த்துக்கீசியர் எங்கே இறங்கினார்கள், கோயில் எங்கே இருந்தது, நவாபு யாருக்கு நிலம் கொடுத்தார் என்று ஒருவர் விளக்க, எல்லாரும் தலையாட்டுகிறார்கள். யார் பிள்ளையை யார் சுமந்து போனார்கள் என்று எவரும் சொல்வதில்லை. எனக்கு எரிச்சலாக வருகிறது. பாய் போய்விட்டார், அவர் பிள்ளைகள் வீட்டை விற்றுவிட்டு எங்கோ புறநகருக்குப் போய்விட்டார்கள். சந்தில் அடுக்குமாடிகள். கல்லறைத் தோட்டத்திலும் இடமில்லை, வேப்பமரத்தை வெட்டிவிட்டு, அந்தச் சுவரோரம் முழுக்க ஒன்றன்மேல் ஒன்றாகப் பெட்டி வைக்கும் அடுக்குக் கல்லறை கட்டிவிட்டார்கள்.

அப்பா சாகும்போது, தனக்கு அந்த அடுக்கில்தான் இடம் வேண்டும், அதுவும் மரம் இருந்த மூலையில், கீழ் வரிசையில் என்று எழுதி வைத்திருந்தார். எனக்குப் புரிந்தது. கோபம்தான் வந்தது. தன் பிள்ளைக்குப் பக்கத்தில் அவர் போய்ப் படுத்துக்கொண்டார், சொல்லும் பாரத்தை என் தலையில் வைத்துவிட்டு.

படுக்கையில் விழுந்த பிறகு அம்மா ஒருநாள் கேட்டாள். "உங்கப்பா ஏன்டி நம்ம எடத்த வுட்டுட்டு அங்க போயி படுத்துக்கினாரு?"

சொல்லிவிட வேண்டும் என்று வாயெடுத்தேன். அதற்குள் அவளே சொன்னாள்: "நல்ல மனுசன். எம்புள்ளய எனக்கே வுட்டுட்டுப் போயிட்டாரு."

போர்வையை அவள் கழுத்துவரை இழுத்துவிட்டேன். போன தவக்காலத்தில், அவள் கேட்டபடியே, அந்தச் சிமென்ட்டை உடைத்து அவளை அங்கே இறக்கினோம். அவளோடு கிடப்பது யார் பெற்ற பிள்ளையோ, எனக்குத் தெரியாது.