மெதுவாக மிதித்தால் குலுங்கும் கார்

வீட்டு வாசலில் நிற்கும்போது அந்தக் காரில் ஒரு குறையும் இருக்காது. சாவியைத் திருப்பியதும் இஞ்சின் பிடித்துக்கொண்டு சீராக ஓடும். சாலையில் ஏறி ஒரு நிதானமான வேகம் வந்ததும்தான் விக்கல் எடுத்தவனைப் போலக் குலுங்கத் தொடங்கும். திரும்பக் கொண்டுவந்து வாசலில் நிறுத்தி, பானெட்டைத் திறந்து காது கொடுத்தால் மறுபடியும் ஒழுங்குப் பிள்ளை.

இரண்டு பேர் மட்டுமே உட்காரக்கூடிய பழைய இங்கிலீஷ் ஸ்போர்ட்ஸ் கார் அது. தோட்டத்துத் துரை ஒருவர் ஊர் திரும்பும்போது விட்டுப்போனது. தோட்டத்துக் கணக்கு எழுதும் கிராணியார் வீட்டுக் கொட்டகையில் வெகுகாலம் கிடந்து, தொண்ணூறுகளின் நடுவில் என்னிடம் வந்து சேர்ந்தது. நான் அப்போது மலாக்காவில், பத்து பெரண்டாம் வட்டாரத்துத் தொழிற்சாலை ஒன்றில் மிஷின் டெக்னிஷியன். நாள் முழுக்கக் குறை கண்டுபிடிப்பதற்குத்தான் எனக்குச் சம்பளம். நின்றுபோன மிஷின்களை ஓடவைத்துவிட்டு வீட்டுக்கு வந்தால், இது என்னைக் கேலி செய்வதுபோல் நிற்கும். பிளக், பாயிண்ட், காயில் என்று ஒவ்வொன்றாக மாற்றிப் பார்த்தாயிற்று. ஒவ்வொரு முறையும் இதுதான் குறை என்று மனைவியிடம் சொல்லிவிட்டுக் கிளம்புவேன். திரும்பி வரும்போது என் முகத்தைப் பார்த்ததுமே அவள் உள்ளே போய்விடுவாள்.

அவளுடைய அண்ணன், என் மச்சான், சுங்கை ஊடாங்கில் எண்ணெய் சுத்திகரிப்பு ஆலையில் வேலை பார்த்தார். ஞாயிற்றுக்கிழமைகளில் வந்து கூட நிற்பார். அவர் கணக்கில் குறை பெட்ரோலில்தான். இஞ்சினுக்கு எண்ணெய் சரியாகப் போய்ச் சேரவில்லை. பெட்ரோலைக் காற்றோடு கலக்கும் இரண்டு கார்புரேட்டர்களையும் கழற்றிக் கழுவினோம். மறுபடியும் கழற்றினோம். திருகுகளை அவர் ஒரு பக்கம் திருப்புவார், அவர் போன பிறகு நான் மறுபக்கம் திருப்புவேன். ஒரு ஞாயிறு பொறுமை போய், இது மின்சாரக் கோளாறு, கார்புரேட்டரைத் தொடாதீர்கள் என்று சொல்லிவிட்டேன்.

"பேக்டரி மிஷினுக்கு மேனுவல் இருக்கு மாப்ள. அதுல போட்டிருக்கறத நீங்க செய்றீங்க. இதுக்கு மூளை வேணும்லா" என்றார்.

நானும் பதிலுக்கு ஏதோ சொன்னேன். அவர் கையைக் கழுவிக்கொண்டு, போட்டு வைத்த தேநீரைக் குடிக்காமல் போய்விட்டார்.

அதற்குப் பிறகு அவர் டுரியான் துங்காலில் வாங்கிய புது வீட்டுக்குக் குடிபுகும் நாள் வந்தது. மோட்டார் சைக்கிளிலேயே போய்விடலாம் என்றாள் மனைவி. எனக்குப் பிடிவாதம், அந்தக் காரிலேயே போய் அவர் வாசலில் இறங்க வேண்டும் என்று. பாதி வழியில், எண்ணெய்க்காகப் பயிரிடும் செம்பனைக் காட்டு ஓரமாகக் குலுக்கல் ஆரம்பித்தது. பச்சைப் பிள்ளையைத் தூக்கிப் போவதுபோல் மெல்ல மெல்ல மிதித்தேன். குலுக்கல் கூடியதே தவிரக் குறையவில்லை. சாலையோரம் நிறுத்தி இறங்கி, டயரை ஓர் உதை விட்டேன். கால்தான் வலித்தது. நல்ல நேரம் முடியப் போகிறது என்று கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தவள், பட்டுச்சேலையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு இறங்கி இந்தப் பக்கம் வந்தாள்.

"தள்ளுங்க. நா ஓட்டுறேன். நீங்க அத ரொம்ப தாங்குறீங்க."

அவளிடம் லைசென்ஸ் உண்டு, ஆனால் அந்தக் காரை அதுவரை தொட்டதில்லை. கோபத்தில் ஆக்சிலரேட்டரை அடிவரை மிதித்தாள். கார் சீறிக்கொண்டு பாய்ந்தது. ஒரு விக்கல் இல்லை. எனக்கு வந்த எரிச்சலைச் சொல்லி மாளாது. முன்னால் செம்பனைக் குலை ஏற்றிய லாரி ஒன்று வந்தது. அதன் பின்னால் அவள் காலைத் தளர்த்தி மெதுவாகப் போனபோது குலுக்கல் திரும்பியது. லாரியைத் தாண்ட மறுபடி மிதித்ததும் நின்றுபோனது.

மச்சான் வீட்டில் பால் காய்ச்சி முடித்திருந்தார்கள். அவர் என்னிடம் வாங்க என்று மட்டும் சொன்னார். வாழையிலை முன்னால் உட்கார்ந்தும் எனக்குக் கார் நினைப்புதான். முழுக்க மிதித்தால் ஓடுகிறது, இலேசாக மிதித்தால் குலுங்குகிறது. அப்படியானால் எண்ணெய்ப் பற்றாக்குறை இல்லை. இலேசாக மிதிக்கும்போது மட்டும் எது அசைகிறது?

மறுநாள் வேலை முடிந்து வந்ததும் பானெட்டைத் திறந்தேன். தீப்பொறியைப் பங்கிடும் டிஸ்ட்ரிபியூட்டருக்குள் ஒரு சின்னத் தட்டு உண்டு. இஞ்சின் ஒரு ரப்பர் குழாய் வழியாக உறிஞ்சி அந்தத் தட்டை இழுக்கும். இலேசாக மிதிக்கும்போது அந்த இழுப்பு அதிகம். முழுக்க மிதித்தால் இழுப்பே இருக்காது. வாசலில் சும்மா ஓடும்போதும் இருக்காது. மனைவியை ஸ்டார்ட் செய்யச் சொல்லி, குழாயைப் பிடுங்கி என் வாயில் வைத்து உறிஞ்சினேன். இஞ்சின் செத்தது. மறுபடி ஸ்டார்ட் செய்யச் சொல்லி உறிஞ்சினேன். மறுபடியும் செத்தது.

தட்டோடு சேர்ந்து அசையும் ஒயர் ஒன்று; மேலே ரப்பர் உறை முழுசாக இருந்தது, உள்ளே செம்புக் கம்பி அறுந்திருந்தது. தட்டு இழுபடும்போதெல்லாம் இரண்டு முனையும் விலகி, மின்சாரம் விட்டுப்போயிருக்கிறது. விரல் நீளம் கூட இல்லாத ஒயர். அதை வைத்துக்கொண்டு படியில் உட்கார்ந்தேன். சந்தோஷம் வரவில்லை. இத்தனை மாதமும் இதற்கா என்றுதான் இருந்தது.

புது ஒயர் போட்டதும் குலுக்கல் போனது. மச்சானுக்குப் போன் செய்து விஷயத்தைச் சொன்னேன். "அதான் மாப்ள, நா அன்னைக்கே சொன்னேன்ல, ஒயரா இருக்கும்னு" என்றார். ஆமாம் மச்சான் என்று சொல்லிப் போனை வைத்தேன். மறுத்துப் பேசினால் இன்னொரு தேநீர் ஆறிப்போகும்.

ஆனால், குலுக்கலுக்குப் பயந்து அதுவரை கொண்டுபோகாத மலாக்கா டவுனுக்குப் போனதும், இஞ்சின் சூடேறி, சிவப்பு விளக்குக்கு நிற்கும்போதெல்லாம் கார் உறுமி உறுமி அணையத் தொடங்கியது. இந்த முறை காரணம் தேட வேண்டியிருக்கவில்லை. நாங்கள் ஆளுக்கொரு பக்கம் திருகித் திருகி இரண்டு கார்புரேட்டர்களையும் உண்மையிலேயே கெடுத்து வைத்திருந்தோம். அடுத்த ஞாயிறு மச்சான் தன் சாமான் பெட்டியோடு வந்து, கேட்காமலே பானெட்டைத் தூக்கினார். மனைவி தேநீர் போட உள்ளே போனாள். நான் பல்லைக் கடித்துக்கொண்டு அவருக்கு ஸ்க்ரூடிரைவரை எடுத்துக் கொடுத்தேன்.