போகிக்குத் தூக்கிப் போட்ட இரண்டு ஃபைல்கள்

காணும் பொங்கலன்று காலையில் யாராவது கம்ப்யூட்டர் ரிப்பேருக்கு போன் செய்வார்களா?

எனக்குச் செய்வார்கள். என் ஜாதகம் அப்படி.

நாத்தனார் குடும்பம் கும்பகோணத்துக்கு வந்து இறங்கியிருந்தது. நான் இரண்டாவது டிகாக்‌ஷன் இறக்கிக்கொண்டிருந்தேன். போனில் செல்வி. வலங்கைமான் பக்கம், நெல் அறுவடை மெஷின் வாடகைக்கு விடும் ஓர் அலுவலகத்தில் கம்ப்யூட்டர் பார்க்கிற பெண். குரலே சரியில்லை.

"அக்கா... முறை லிஸ்ட்டு போயிடுச்சுக்கா."

"போயிடுச்சுன்னா? புரோகிராம் திறக்கலையா?"

"தொறக்குது. ஆனா போன வாரத்தோட நிக்குது. அதுக்கப்புறம் பேரு குடுத்தவங்க ஒருத்தரும் அதுல இல்ல. இங்க ஆளுங்க வந்து நிக்கிறாங்கக்கா."

பின்னால் சத்தம் கேட்டது. நிஜமாகவே ஆட்கள் நின்றுகொண்டிருந்தார்கள்.

புதிதாகப் படிக்கிறவர்களுக்காக ஒரு வார்த்தை. அந்த அலுவலகத்துக்கு அந்தச் சின்னப் புரோகிராமை எழுதிக் கொடுத்தது நான்தான். யாருடைய வயலுக்கு எப்போது மெஷின் போகவேண்டும் என்பதை அது வரிசையாக வைத்துக்கொள்ளும். உள்ளே இருப்பது எஸ்க்யூலைட் என்கிற குட்டி டேட்டாபேஸ். சர்வர் வேண்டாம், தனியாக ஓர் ஆள் உட்கார்ந்து பார்த்துக்கொள்ள வேண்டாம். உங்கள் கையில் இருக்கும் போனிலேயே அது பல இடங்களில் சத்தமில்லாமல் ஓடிக்கொண்டிருக்கிறது. 'எல்லாமே ஒரே ஃபைல்தான்' என்று நானும் போகிற இடமெல்லாம் பெருமை அடித்துக்கொள்வேன்.

அது முக்கால் உண்மை. மீதிக் கால் பங்கைப் பற்றித்தான் இந்த வாரம்.

"செல்வி, ஒரு எழுத்துகூட டைப் பண்ணாதே. புரோகிராமை மேல இருக்கற எக்ஸ் அழுத்தி மூடு. கையைக் கட்டிக்கிட்டு உக்காரு. நான் வரேன்."

முதலாளி தனசேகர் போனை வாங்கிக்கொண்டார். "ஞாபகத்துல இருக்கறத மறுபடி ஏத்திடலாமேம்மா? நாலு பேருதானே?"

"ஏத்துனீங்கன்னா அப்புறம் நான் வர வேண்டியதே இல்லைங்க."

கொஞ்சம் கடுப்பாகத்தான் சொன்னேன். காரணம் இருக்கிறது. என் அனுபவத்தில், டேட்டா தொலைவது பெரும்பாலும் முதல் விபத்தில் இல்லை. அதைச் சரிசெய்கிறேன் என்று யாராவது ஆர்வமாக உட்காருகிறார்களே... அப்போதுதான்.

காபியை நாத்தனார் கையிலேயே கொடுத்துவிட்டு ஸ்கூட்டரை எடுத்தேன். அவர் பார்த்த பார்வையைப் பற்றி இங்கே எழுதப்போவதில்லை. அவரும் இந்தப் பத்தியைப் படிக்கிறவர்.

வழியெல்லாம் யோசனை. வழக்கமாக எனக்கு வரும் புகார்கள் வேறு ரகம். 'டேட்டாபேஸ் லாக் ஆகிவிட்டது' என்று ஒன்று வரும். போய்ப் பார்த்தால், யாரோ இன்னொரு சாஃப்ட்வேரில் அதே ஃபைலைத் திறந்து, பாதி மாற்றி, சேவ் பண்ணாமல் டீ குடிக்கப் போயிருப்பார். அவர் திரும்பி வந்து சேவ் பண்ணினால் தானாகத் திறந்துகொள்ளும். சீர்காழிப் பக்கம் ஒரு மீன் வியாபாரக் கொட்டகையில் ஒரே ஃபைலை நெட்வொர்க் ஃபோல்டரில் போட்டு, இரண்டு கம்ப்யூட்டரிலிருந்து ஒரே நேரத்தில் எழுதினார்கள். ஃபைல் சிதைந்தே போயிற்று. ஒரு கம்ப்யூட்டரில் இருந்தபடி வேலை பார்க்கிற டேட்டாபேஸ் அது, ஊருக்குப் பொதுவாக வைத்தால் தாங்காது. இன்னும் சிலருக்குத் திடீரென்று எல்லாமே காலியாக இருக்கும். புரோகிராமை வேறு ஃபோல்டரிலிருந்து திறந்திருப்பார்கள். அது அங்கே பழைய ஃபைலைக் காணாமல், ஒன்றும் தெரியாத பிள்ளை மாதிரி புதிதாக ஒரு வெற்று ஃபைலை உண்டாக்கிக்கொண்டு உட்கார்ந்திருக்கும்.

ஆனால் இது அந்த எதுவும் இல்லை. பழையது எல்லாம் அப்படியே இருக்கிறது. கடைசி ஒரு வாரம் மட்டும் இல்லை. அதென்ன, கத்தரிக்கோலால் வெட்டின மாதிரி?

அலுவலக வாசலில் செயின் வண்டி நின்றது. டயருக்குப் பதில் செயின் மாட்டிய அறுவடை மெஷின். ஈர வயலில் இறங்க அது ஒன்றுதான் தோது. டயர் வண்டி டிரைவர் பொங்கலுக்கு ஆத்தூர் போனவர் இன்னும் திரும்பவில்லை. அதனால் இருப்பது இந்த ஒரு வண்டி. வானம் கிழக்கே கறுத்துக்கொண்டிருந்தது. மறுநாள் மழை என்று எல்லார் போனிலும் வந்திருந்தது.

"எம் முறை இன்னைக்குன்னு இந்தப் பொண்ணுதாம்மா சொல்லுச்சு," என்றார் ஓர் அம்மா, நான் ஹெல்மெட்டைக் கழற்றுவதற்குள். பெயர் அமுதா. மூன்று மா குத்தகை நிலம், கிட்டத்தட்ட ஓர் ஏக்கர். போன மழையிலேயே பயிர் சாய்ந்துவிட்டது. இன்னொரு மழை விழுந்தால் கதிர் கிடந்த இடத்திலேயே முளைத்துவிடும், அப்புறம் மாட்டுக்குத்தான். "இன்னைக்கு விட்டா அவ்வளவுதாம்மா. வேற ஒண்ணும் இல்ல நமக்கு."

பக்கத்தில் ராமச்சந்திரன் சார். ரிட்டயர்டு ஆசிரியர், தஞ்சாவூரில் வீடு, இங்கே நிலம். "நானும் போன் பண்ணிப் பதிவு பண்ணியிருக்கேன். காணும் பொங்கலன்னிக்கு முதல் வண்டி எனக்குத்தான்னு சொன்னாங்க. நான் பொய் சொல்ற ஆளா?"

இல்லை. பார்த்தாலே தெரிந்தது, அவர் பொய் சொல்கிற ஆள் இல்லை. அமுதா அக்காவும் இல்லை. அதுதான் சிக்கலே.

செல்வியைப் பார்த்தால் பாவமாக இருந்தது. பேர் எழுதிக்கொண்டது அவள்தான். ஆனால் பொங்கலுக்கு முன்பு ஒரே கூட்டம், யாரை முன்னால் எழுதினோம் யாரைப் பின்னால் எழுதினோம் என்று அவளுக்கே இப்போது நிச்சயமில்லை. யாருக்குச் சொன்னாலும் மற்றவர் அவளைப் பொய்க்காரி என்பார்.

"லிஸ்ட் கடைசியா எப்ப சரியா இருந்துச்சு?"

"போகிக்கு மொத நாளுக்கா."

"போகி அன்னிக்கு?"

"புரோகிராமத் தொறக்கவே இல்லக்கா. சுத்தம்தான் பண்ணுனோம்."

"எதை?"

செல்வி முதலாளியைப் பார்த்தாள். தனசேகர் தொண்டையைச் செருமினார். "கிழிஞ்ச சாக்கு, ஒடஞ்ச சேரு எல்லாத்தையும் எடுத்துப் போட்டோம்மா. கம்ப்யூட்டர்லயும் குப்பையா கெடக்கேன்னு நான்தான் சொன்னேன்... போகியும் அதுவுமா."

விளங்கிவிட்டது.

"ஒரே பேருல மூணு ஃபைலு இருந்துச்சுக்கா," என்றாள் செல்வி. "எதுக்கு மூணுன்னு பெருசா இருந்தத மட்டும் வச்சுக்கிட்டேன்."

அவளைக் குறை சொல்ல முடியுமா? ஒரே பெயரில் மூன்று இருந்தால் இரண்டு எக்ஸ்ட்ரா என்று நினைப்பதுதானே புத்தி!

நடந்தது இதுதான். இந்த டேட்டாபேஸை ஒரு குறிப்பிட்ட முறையில் ஓடவிட்டால், புதிதாக எழுதுவதை உடனே பெரிய ஃபைலில் சேர்க்காது. பக்கத்திலேயே இன்னொரு ஃபைலில் எழுதி வைக்கும். வந்த மூட்டையை முதலில் வாசலில் இறக்கிவைத்து, ஒழிந்த நேரத்தில் உள்ளே கொண்டுபோய் அடுக்குகிற மாதிரி. புரோகிராமை ஒழுங்காக மூடினால் மூட்டை உள்ளே போய்விடும், வாசல் தானாகவே சுத்தமாகிவிடும். அந்த இரண்டு கூடுதல் ஃபைல்களும் மறைந்துபோகும்.

ஒழுங்காக மூடினால்!

செல்வி தினமும் எப்படி மூடினாள்? சுவரில் இருக்கிற மெயின் சுவிட்சைத் தட்டி. வோல்டேஜ் ஏறி இறங்கி ஒரு முறை மானிட்டர் போனதிலிருந்து முதலாளி உத்தரவு. அந்த ஊரில் பாதிக் கடைகளில் அப்படித்தான். ஷட்டரை இழுத்துப் பூட்டி, இரண்டு முறை ஆட்டிப் பார்ப்பார்கள். கம்ப்யூட்டருக்கு மட்டும் ஒரே தட்டு. மறுநாள் திறந்தால் புரோகிராம் உள்ளே இருப்பதையும் வாசலில் இருப்பதையும் சேர்த்துப் படித்து லிஸ்ட்டைச் சரியாகவே காட்டும். அதனால் யாருக்கும் சந்தேகம் வரவில்லை. ஒரு வார மூட்டை வாசலிலேயே கிடந்தது. போகி வந்தது. செல்வி வாசலைப் பெருக்கிவிட்டாள்.

"ரீசைக்கிள் பின்னைக் காலி பண்ணிட்டியா?"

கேட்டுக்கொண்டே மவுஸைக் கையில் எடுத்தேன்.

"பண்ணத்தான்க்கா போனேன். அதுக்குள்ள பஸ்ஸு வந்துடுச்சு."

அந்த பஸ் டிரைவர் எந்த ஊர்க்காரரோ, நன்றாக இருக்கட்டும்.

இருந்தன, இரண்டும். உடனே எடுத்துப் பழைய இடத்தில் வைத்துவிடலாம் என்று கை பரபரத்தது. வைக்கவில்லை. முதலில் பெரிய ஃபைலையும் இந்த இரண்டையும் பென்டிரைவில் ஒரு காப்பி. அந்தக் காப்பியில்தான் வேலை. இரண்டில் ஒன்று வெறும் குறிப்பு மாதிரி. போனால் தானாகவே மறுபடி உருவாகும். மற்றதுதான் மூட்டை, அது போனால் போனதுதான். காலையிலிருந்து புதிதாக யாரும் எதுவும் எழுதாமல் விட்டதால்தான் தப்பித்தோம். முதலாளி ஆசைப்பட்டபடி நாலு பேரை ஏற்றியிருந்தால், பழைய மூட்டையும் புது மூட்டையும் ஒரே இடத்தில் மோதி, இருக்கிறதும் கெட்டிருக்கும்.

அறைக்குள் எல்லாரும் வந்து என் முதுகுக்குப் பின்னால் நின்றுகொண்டார்கள். முதலில் டேட்டாபேஸ் சிதையாமல் இருக்கிறதா என்று ஒரு சோதனை. 'ஓகே' என்று வந்தது. பிறகு லிஸ்ட்டைத் திறந்தேன்.

பெயர்கள் வந்தன. காணும் பொங்கலன்று முதல் வண்டி... அமுதா.

ராமச்சந்திரன் சார் பெயரும் இருந்தது. மறுநாளுக்கு.

அவர் கண்ணாடியைத் தூக்கிவிட்டு இரண்டு முறை படித்தார். "நாளைக்கா? எனக்கு இன்னிக்குன்னுதான்..." என்று இழுத்தார். அப்புறம், "சரி, அதுல இருந்தா சரிதான்" என்று வெளியே போனார். மழை வருமென்று அவருக்கும் தெரியும். முகம் வாடித்தான் போயிருந்தது. எனக்கு அவர்மேல் மரியாதையாகவும் இருந்தது, வருத்தமாகவும் இருந்தது. லிஸ்ட் இல்லாதபோது நாம் எல்லாருமே நம்மை முதலில் வைத்துத்தான் ஞாபகம் வைத்துக்கொள்கிறோம். ரேஷன் கடையில் 'நான்தான் முதலில் வந்தேன்' என்று எத்தனை முறை சத்தியம் செய்திருக்கிறேன்!

செயின் வண்டி வாய்க்கால் மதகைத் தாண்டிப் போனது. அமுதா அக்கா அதற்கு முன்னால் ஓடாத குறையாக நடந்தார்.

நான் உட்கார்ந்து மீதி வேலையைப் பார்த்தேன். ஒவ்வொரு பெயரைச் சேர்த்ததும் மூட்டை உடனே உள்ளே போகிற மாதிரி புரோகிராமை மாற்றினேன். ஃபைல்களை டெஸ்க்டாப்பிலிருந்து கண்ணில் படாத இடத்துக்குக் கொண்டுபோனேன். தினமும் பென்டிரைவில் ஒரு முழு பேக்கப் தானாகப் போகவும் ஏற்பாடு. மெயின் சுவிட்சைத் தட்டக்கூடாது என்று தனசேகரிடம் சொன்னேன். "அப்ப மானிட்டரு?" என்றார். ஒரு யுபிஎஸ் வாங்கச் சொன்னேன். தலையை ஆட்டினார். வாங்குவாரா தெரியாது.

சாயங்காலம் தூறல் போட ஆரம்பித்தபோது அமுதா அக்கா திரும்பி வந்தார். தலைமுடியெல்லாம் வைக்கோல் தூசி. நெல்லை டிராக்டரில் ஏற்றித் தார்ப்பாய் போட்டு மூடியாயிற்று என்றார். சொல்லிவிட்டுப் போகாமல் நின்றார்.

"அது சரிம்மா... எம் பேரு அதுவரைக்கும் எங்கதான் இருந்துச்சு?"

நான் விளக்க வாயெடுத்தேன். அதற்குள் செல்வி சொல்லிவிட்டாள்.

"நான்தான்க்கா குப்பைன்னு நெனச்சுத் தூக்கிப் போட்டுட்டேன். போகிக்கு."

அமுதா அக்கா அவளையே பார்த்தார்.

"மூணு மா வெள்ளாமையத் தூக்கிப் போட்டுட்டு, நீ பாட்டுக்குப் போயி பொங்கல் சாப்புட்டியாடி?"

சிரித்துக்கொண்டேதான் கேட்டார். செல்விதான் அழுதுவிட்டாள்.

இத்தனை வருஷத்தில் எனக்கு வந்த பக் ரிப்போர்ட்டுகளில், அதாவது கோளாறுப் புகார்களில், இவ்வளவு சரியாக ஒன்றை யாரும் சொன்னதில்லை.